பெயர்த்து வைத்த வீடுகள்

1

முட்டுக்காட்டிலுள்ள தக்ஷிணசித்ராவுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். மூன்றாவது முறை, கூட வந்த நண்பர் கேட்ட ஒரு கேள்வியால் அந்தச் சந்தோஷம் கெட்டுப்போயிற்று. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கவிதையும் விமர்சனமும் வருகிற பத்திரிகையில் மியூசியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டைப் பற்றி எழுதாத தமிழ் உரைநடைக்காரன் அநேகமாக இல்லை. வீட்டை எழுத்தில் எப்படிப் பாதுகாக்கிறோம் என்கிற பிரச்னையை, வீட்டை மரமும் ஓடுமாகவே பாதுகாக்க முனைந்த ஓர் இடத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு உபயோகமானது என்று நினைக்கிறேன்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், முட்டுக்காட்டுக் கழிமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்து ஏக்கர் அளவுள்ள இடம். அமெரிக்காவில் பிறந்து 1970ல் சென்னைக்குக் குடிவந்த டெபோரா தியாகராஜன் 1984ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். அந்த ஸ்தாபனம் 1996 டிசம்பரில் இதைப் பொதுமக்களுக்குத் திறந்தது. வளாகத்தை வடிவமைத்தவர் லாரி பேக்கர். உள்ளூர்ச் செங்கல்லையும் மண்ணையும் கொண்டு சிக்கனமாக வீடு கட்டலாம் என்று வாழ்நாள் முழுவதும் கட்டிக் காட்டியவர் அவர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் நான்கிலிருந்தும் மொத்தம் 18 வீடுகள். சில, இடிபட இருந்த வீடுகளை வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து மறுபடி எழுப்பியவை. வேறு சில, அந்தந்த ஊர் வழக்கப்படி இங்கேயே புதிதாகக் கட்டியவை.

நமக்கு நினைவு இல்லங்கள் பழக்கம்தான். திருவல்லிக்கேணியில் பாரதி கடைசியாகக் குடியிருந்த வீட்டை 1993ல் அரசாங்கம் வாங்கி நினைவில்லமாக்கியது. வாடகைக்குக் குடியிருந்த மனிதனுக்கு, அவன் செத்து எழுபது வருஷம் கழித்து, அவன் பெயரில் ஒரு வீடு. அந்த மாதிரி இடங்களில் ஒரு பெரிய மனிதன் இருந்தான் என்பதற்காக வீடு பாதுகாக்கப்படுகிறது. தக்ஷிணசித்ராவில் அப்படிப் பெரிய மனிதர் யாரும் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஜாதியோ தொழிலோ இருக்கிறது: செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, பட்டு நெசவாளர் வீடு, குயவர் வீடு. ஒரு வகையில் இது நேர்மையான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது. நம் ஊர்களில் வீட்டுக்கு எப்போதும் இதுதான் விலாசம்.

2

இந்த மாதிரி மியூசியத்துக்கு மூலம் ஸ்வீடன். 1891ல் ஸ்டாக்ஹோமில் ஆர்ட்டூர் ஹாஸேலியஸ் என்பவர் ஸ்கான்ஸென் என்ற திறந்தவெளி மியூசியத்தைத் தொடங்கினார். ஆலைகள் வந்து கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம். குடியானவர்களின் வீடுகளை நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்து ஒரு குன்றின்மேல் வைத்தார். அந்த நாட்டில் அது சாத்தியமானதற்குக் காரணம் மரம். ஸ்வீடனில் குடியானவன் வீடும் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. எண்ணிட்டுப் பிரித்து, வண்டியில் ஏற்றி, எண் பார்த்து மறுபடி அடுக்கிவிடலாம்.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தபோது என்ன ஆகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கேரளத்து வீடு இதற்கு ஒத்துழைக்கிறது. தக்ஷிணசித்ராவில் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று இருக்கிறது, 1850ல் கட்டியது. முழுக்க மரம். நெல் சேமிக்கும் அறை வீட்டின் முகப்பிலேயே இருக்கிறது. வருகிறவன் முதலில் பார்ப்பது அந்த வீட்டின் நெல்லைத்தான். மரமாக இருப்பதால் அந்தச் செல்வம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

தமிழ்நாட்டு வீடு அப்படி வராது. சுண்ணாம்பும் செங்கல்லும், அல்லது மண்ணும். சுவரைப் பெயர்த்தால் அது மண் குவியல்தான். வருவது தூண், கதவு, நிலை, உத்தரம், போதிகை. சுவர் இங்கே வந்து புதிதாக எழுப்பப்படுவது. ஆகவே ஒரு வீட்டில் எவ்வளவு தேக்கு இருந்ததோ அவ்வளவு வீடுதான் வந்து சேரும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்று அந்தத் தூண்களைத் தடவிப் பார்க்கும்போது யாருக்கும் கை மெத்தென்று ஆகும். எனக்கும் ஆயிற்று. அந்த ஊர்களுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி வந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவிகிதம். நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய பர்மாக் குடியானவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நாலில் ஒரு பங்கு ஆகிவிட்டது. பிறகு 1942ல் ஜப்பான்காரன் வந்தான். சுதந்திர பர்மா 1948ல் நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. பணம் போயிற்று, வீடு மட்டும் நின்றது. பராமரிக்கப் பணமில்லாத வீடுகளின் தூண்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அங்கே போயிருக்க வேண்டியதில் ஒரு பங்கு இங்கே வந்து நிழலில் நிற்கிறது என்றால் அது நல்ல காரியம்தான். சந்தேகமில்லை.

ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பெயர்க்க முடிந்ததே பாதுகாக்கப்படும் என்றால், பெயர்க்க முடியாத வீடு என்ன ஆகும்? இந்தக் கடற்கரையில் சவுக்குக் கம்பு நட்டு, பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்த குடிசைதான் பெரும்பாலோர் வீடாக இருந்தது. கீற்று இரண்டு மழைக்குத் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும். கம்பு இற்றுப்போனால் அதையும். பத்து வருஷம் ஒரு குடும்பம் குடிசையில் இருந்தால், கடைசியில் அந்தக் குடிசையில் ஆரம்பத்திலிருந்த பொருள் எதுவும் இராது. இடமும் அளவும் கட்டுகிற கை அறிந்த வித்தையும்தான் மிஞ்சும். ஜப்பானில் ஈஸே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013ல் கட்டினார்கள். அதை உலகமே அதிசயமாகப் பேசுகிறது. நம் கடற்கரையில் இதையே இரண்டு வருஷத்துக்கொருமுறை, கோயில் என்று சொல்லிக்கொள்ளாமல், செய்துகொண்டிருந்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மீனவர் குப்பங்களில் காங்கிரீட் வீடுகள் வந்தன. அது வேண்டியதுதான். குடிசையில் இருந்து பார்க்காதவன் குடிசைக்காக ஏங்குவது ஆபாசம். நான் சொல்வது வேறு. தக்ஷிணசித்ராவில் ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடு ஒன்று உண்டு, புயலுக்கு முதுகு காட்டாத வடிவம். அதைக் கட்டித்தான் காட்ட முடியும், கொண்டுவந்து காட்ட முடியாது. ஒரே வளாகத்தில் செல்வந்தனின் வீடு மூலப்பிரதியாகவும் ஏழையின் வீடு நகலாகவும் நிற்பதற்கு யாருடைய உத்தேசமும் காரணமில்லை. பொருளின் குணம் அது. ஆனால் பார்வையாளன் அதை எப்படி வாசிப்பான்? ஒன்றுக்கு வரலாறு இருந்தது, மற்றதற்கு வழக்கம் மட்டுமே இருந்தது என்றுதான்.

3

இனி நண்பரின் கேள்வி. நண்பர் கவிஞர். திருக்கழுக்குன்றம் பக்கத்துக்காரர். பெயரைச் சொல்வதை விரும்பமாட்டார்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அக்ரகார வீட்டுக்குள் இருந்தோம். எனக்கு அந்த வீடு அந்நியமில்லை. நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டில்தான். நாங்கள் கூடம் என்பதைத் திருநெல்வேலியில் பட்டாசல் என்பார்கள், கொல்லையைப் புறவாசல் என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். திண்ணை, ரேழி, முற்றம், அடுக்களை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். எந்த இடத்தில் தாத்தா உட்காருவார், எந்த மாடத்தில் விளக்கு, எந்தத் தூணைச் சுற்றி ஓடி விழுந்து எனக்குப் பல் உடைந்தது – எல்லாம் சொன்னேன். நண்பர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அடுக்களையைத் தாண்டியதும் கேட்டார்: "கொல்லைப்புறத் தெரு எங்க இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. இங்கே தெரு எப்படி இருக்கும், மியூசியம்தானே என்றேன்.

"எங்க அம்மா ஒரு பெரிய வீட்ல மாட்டுக்கொட்டாய் கூட்டி, சாணி வாரிப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. இருபது வருஷம். அந்த வீட்டுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. பின்னால ஒரு சந்து, அதுல ஒரு படல், உள்ள கொட்டாய், அப்புறம் கிணறு. கிணத்தைத் தொடக்கூடாது. அதுக்கு இந்தாண்ட ஒரு துவைக்கிற கல்லு. அங்க வந்து சோத்தை வெப்பாங்க. அவங்களை வீட்டை வரையச் சொன்னா இவ்வளவுதான் வரைஞ்சிருப்பாங்க. இங்க அதைத்தான் தேடறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தேடுகிற மாதிரியேதான் சொன்னார். எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஐந்து நிமிஷமாக நான் செய்துகொண்டிருந்த வர்ணனை முழுக்க என் காதில் திரும்ப விழுந்தது.

நம்முடைய பழைய வீடு என்பது சுவர்களின் தொகுப்பல்ல. யார் எதுவரை வரலாம் என்பதன் வரிசை. வழிப்போக்கன் திண்ணை வரை. காரியமாக வந்தவன் ரேழி வரை. உறவு என்றால் கூடம். அதற்கு மேலே உறவிலும் மடி, விழுப்பு. அடுக்களையை ஆள்கிறவளாக எல்லோரும் சொல்கிற பெண்ணே மாதத்தில் மூன்று நாள் அங்கிருந்து விலக்கப்பட்டு கொல்லைத் தாழ்வாரத்தில் ஒதுங்கவேண்டும். செட்டிநாட்டு வீடு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போவதும் இதே இலக்கணம்தான். ஆண்களின் கொடுக்கல் வாங்கல் முன்னே, பெண்களின் உழைப்பு பின்னே. ஒவ்வொரு நிலைப்படியும் ஒருவரை நிறுத்துவதற்காக இருந்தது. நிலைப்படியைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிடலாம், நிறுத்தியதைக் கொண்டுவர முடியாது. அதேபோல, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் விட்டுவைத்த வெற்றிடமும் அந்த வீட்டின் ஒரு பாகம்தான். அந்த வீடு கட்டப்பட்டபோது அளந்து விடப்பட்ட பாகம். அதை எந்த லாரியில் ஏற்றுவது?

இதை மியூசியத்தின் குறையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு பலகையில் நாலு வரி எழுதித் தீர்கிற விஷயமா இது? எவ்வளவு எழுதினாலும் படித்துவிட்டு உள்ளே போய்விடலாம் என்பதால், உள்ளே போக முடியாமை என்பதை மியூசியத்தால் காட்டவே முடியாது. அந்தக் காரியம் இலக்கியத்தினுடையது. இலக்கியம் அதைச் செய்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

4

ஏறக்குறையப் பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு நான் முன்னுரை எழுதினேன். ஆசிரியரின் பூர்வீக வீட்டைப் பற்றிய கதைகள். நல்ல எழுத்துதான். அந்த முன்னுரையில், வீடு இந்தக் கதைகளில் ஒரு பாத்திரமாகவே ஆகிவிடுகிறது, முற்றத்து வெயிலை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோரு கதைகள். ஒன்றில்கூட கொல்லைக் கதவு வழியாக யாரும் வரவில்லை. மாடுகள் வருகின்றன; பசு கன்று போடுகிறது; அதற்காக இரண்டு பக்கம் அழகான வர்ணனை. கொட்டகையைக் கூட்டியது யார்? சாணம் தானாகவே வரட்டியாகிச் சுவரில் ஒட்டிக்கொண்டதா? இதை நான் அன்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. எனக்கும் அந்த வீடு முன்வாசல் வழியாகவே தெரிந்திருந்தது.

வீட்டு ஏக்கம் நம் உரைநடையில் ஒரு பெரிய மரபு. அதை முழுக்க நிராகரிப்பது என் நோக்கமில்லை. இழந்ததை நினைக்க எவனுக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த எழுத்தில் பெரும்பகுதி தக்ஷிணசித்ரா செய்வதைத்தான் செய்கிறது: தேக்கை எடுத்துக்கொள்கிறது, மண்சுவரை விட்டுவிடுகிறது. மியூசியத்துக்கு அதற்கு நியாயம் இருக்கிறது, மண்சுவர் பெயராது. எழுத்தாளனுக்கு அந்த நியாயம் இல்லை. வார்த்தையில் எதையும் பெயர்க்கலாம்.

பெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' (அந்தத் தலைப்பில் தொகுதி வந்தது 1988ல்) வீட்டை அதன் இருட்டான மூலையிலிருந்து அளக்கிறது. அத்தனை அறைகள் உள்ள வீட்டில் சமையலறை மட்டும் ஏன் இப்படி என்று கேட்க ஆரம்பித்ததும் வீட்டின் மொத்த அதிகாரமும் தெரிய வந்துவிடுகிறது. ஒரு ஜன்னலைப் பற்றிய பேச்சு அரசியலாகிறது. வீடு அந்தக் கதையில் 'பாத்திரம்' ஆகவில்லை, ஏற்பாடு ஆகிறது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னொரு திசை. அதில் ஆரோக்கியத்துக்கு வீடுகள் எல்லாம் வாசல்கள் மட்டுமே. தெருவில் நின்று குரல் கொடுத்து ராச்சோறு வாங்குகிறவள் பார்வையில் ஒரு காலனி முழுவதும் நம்முன் எழும்புகிறது. எந்த வீட்டின் உட்புறமும் நமக்குத் தேவைப்படுவதில்லை. அதுவும், அவளை வெளியே நிறுத்துகிறவர்கள் ஊர்த்தெருக்காரர்கள் அல்ல, ஊரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களே. நிலைப்படி எத்தனை அடுக்காக இறங்கிப் போகிறது என்பதை எந்தக் கட்டிடத்தாலும் சொல்ல முடியாது. அந்த நாவல் சொல்கிறது.

5

முட்டுக்காட்டிலிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் என்று அழைக்கப்படுவதன் முன்னால் நண்பர் வெகுநேரம் நின்றார். பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தவை. எந்தப் பல்லவன் என்பதிலும் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஏகமனதான முடிவில்லை. ஏழாம் நூற்றாண்டைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற ரதங்களிலும் மரவேலையின், ஓலைவேலையின் சாயல்கள் உண்டு. பீம ரதத்தின் கூரை கூண்டு வண்டியை நினைவூட்டும். ஆனால் திரௌபதி ரதம் அப்பட்டமாகக் குடிசை. சதுரமான ஒற்றை அறை, நாலு பக்கமும் வளைந்து இறங்கும் கூரை, கீற்று வேய்ந்து முனைகளைக் கட்டி இறக்கியது போல. சிற்பி அசல் குடிசை ஒன்றைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான் என்பதில் சந்தேகமில்லை. உள்ளே துர்க்கை. அவள் காலடியில் மண்டியிட்டவர்களில் ஒருவன் தன் தலையையே அறுத்துக் கொடுக்கிறான்.

"ஆயிரத்து முந்நூறு வருஷமா ஒழுகாத கூரை" என்றார் நண்பர். சிரித்தோம்.

இந்தக் கடற்கரையின் மிகப் பழைய பாதுகாக்கப்பட்ட வீடு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. யாரும் குடியிருக்காத வீடு. குடிசை நிலைக்க வேண்டுமானால் கல்லாக வேண்டும், கல்லாக வேண்டுமானால் உள்ளே மனிதன் இருக்கக்கூடாது. கல்லில் வந்தபோது குடிசையின் வடிவம் வந்தது, புகை வரவில்லை. ஒன்று சொல்லவேண்டும்: பல்லவச் சிற்பிக்குக் குடிசை அழகானது என்பது தெரிந்திருந்தது. அரண்மனையைப் பார்த்துக் கோயில் செய்தவன் குடிசையைப் பார்த்தும் செய்தான். பின்னால் வந்த நமக்கு அது தெரியாமல் போயிற்று.

குடிசைக்கு வேறு வகையான ஆவணம் உண்டு, அதுவும் இதே ஜில்லாவில். 1767க்கும் 1774க்கும் நடுவில் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கற்பட்டு ஜாகீரை ஊர் ஊராக அளந்தபோது வீடுகளையும் ஜாதிவாரியாக எண்ணினார். எண்ணிக்கை மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. அதைவிட முக்கியமானது 1891ல் செங்கற்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கை. அவர் கவனித்த விஷயங்களில் ஒன்று வீட்டைப் பற்றியது: குடிசை இவர்கள் கட்டியது, அது நின்ற மண் மிராசுதாருடையது. கூலியைப் பற்றிப் பேசினால், வேறிடம் போக நினைத்தால், மண்ணைக் காலி செய் என்று சொல்லிவிடலாம். வீடு இருந்தது, வீட்டின் அடியில் தரை இல்லை. இந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் அரசாங்கம் தாழ்த்தப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆரம்பித்தது. பஞ்சமி நிலம் என்று பின்னால் பெயர் பெற்றது அதுதான். மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் அப்படிப் போன நிலத்தைத் திரும்பக் கேட்டு 1994ல் போராட்டம் நடந்தது. அந்த வருஷம் அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். 'கோவேறு கழுதைகள்' வெளியான வருஷம். தக்ஷிணசித்ரா திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்.

இவற்றை ஒன்றுக்கொன்று காரணமாக நான் கட்டவில்லை. ஒரே கடற்கரையில் முப்பது நாற்பது கிலோமீட்டருக்குள் இவை எல்லாம் இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன். வீடு என்ற விஷயத்தை யோசிப்பவன் இதில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் பஸ் ஏற முடியாது. நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன்.

6

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். மதியம் நாங்கள் அக்ரகார வீட்டை விட்டு வெளியே வரும்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அரசாங்கப் பள்ளி என்று சீருடையிலிருந்து தெரிந்தது. ஐம்பது அறுபது பேர். டீச்சர் ரேழியில் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, பாதிப் பேர் அவரைத் தாண்டி அடுக்களைக்குள் ஓடிவிட்டார்கள். அம்மியைத் தொட்டார்கள், பரண் எங்கே என்று கத்தினார்கள், ஒரு பெண் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தாள். எந்தத் தெருப் பிள்ளைகள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

எனக்கு அந்தக் காட்சி முதலில் அந்த வீட்டைப் பொய்யாக்குவதாகப் பட்டது. இப்படி ஓடிப்போக முடிகிற அடுக்களை அந்த அடுக்களையே அல்ல என்று. பஸ்ஸில் வரும்போது இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பொய்யாகட்டுமே. நூறு வருஷம் உண்மையா இருந்து என்ன கிழிச்சுது? அந்தப் பொண்ணு உக்காந்தா பாருங்க, அதுக்காவே அந்த வீட்டை வெச்சிருக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவளுக்கு யாராவது சொல்லணும், அங்க உக்காரக் கூடாதுன்னு இருந்துச்சுன்னு. சொல்லலைன்னா அது வெறும் கல்லுதான் அவளுக்கு" என்றார்.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பாதுகாத்தல் என்று நான் இப்போது புரிந்துகொள்கிறேன். கதவைத் திறந்து வைப்பது மியூசியத்தின் வேலை. அது மூடியிருந்தது என்று சொல்வது நம்முடைய வேலை. மியூசியம் தன் பங்கைச் செய்துவிட்டது. வீட்டைப் பற்றிய கதையோ கவிதையோ கைக்கு வந்தால் இனி நான் முதலில் கேட்கப்போவது, நடை எப்படி, படிமம் எப்படி என்றல்ல. சொல்கிறவன் எந்த வாசல் வழியாக வந்தான், அது அவனுக்குத் தெரிந்திருக்கிறதா என்று. முன்வாசல் வழியாக வந்தவன் எழுதக்கூடாது என்று சட்டம் போடவில்லை, அப்படிப் போட்டால் நானே எழுத முடியாது. வந்த வாசல் தெரிந்து எழுதுகிறவனுக்கும், வாசல் என்று ஒன்று இருந்ததே தெரியாமல் எழுதுகிறவனுக்கும் உரைநடையிலேயே வித்தியாசம் தெரியும். முன்னவனின் வர்ணனை ஓரிடத்திலாவது தயங்கும். அந்தத் தயக்கத்தை இவ்வளவு காலம் நான் நடையின் குறை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிறுகதைத் தொகுப்பு மறுபதிப்பு வருகிறது. என் முன்னுரையை நீக்கிவிடச் சொல்லிப் பதிப்பாளருக்கு எழுத உட்கார்ந்தேன். நண்பரிடம் சொன்னபோது வேண்டாம் என்றார். "நீக்கிட்டா நீங்க அப்படி எழுதினது யாருக்குத் தெரியும்? அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ இப்ப தோணறதையும் தேதி போட்டு எழுதிடுங்க."

அப்படியே செய்திருக்கிறேன்.